எப்போது மக்கள், எப்போது மனசாட்சி? நெப்ராஸ்காவின் கத்தோலிக்க அரசியல்வாதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர், செனட்டர், சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஞாயிறு திருப்பலியில் உங்களில் சிலருக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்காருகிறவன் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேனே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். நான் ஜெபிப்பதும் கோபப்படுவதும் இந்த மொழியில்தான். தவிர, வேற்று மொழிக்கு அமெரிக்காவின் இந்த நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பழைய வழக்கின் துணையும் இருக்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கக் கூடாது என்று 1919இல் இந்த மாநிலம் சட்டம் போட்டது. ஹாம்ப்டன் ஊருக்கு அருகே லூத்தரன் பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிடித்து 25 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அதோடு முடியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று ஆரிகன் மாநிலம் சட்டம் கொண்டுவந்தபோது, கன்னியர் சபை ஒன்று வழக்குத் தொடுத்தது. 1925இல் நீதிமன்றம் மேயர் தீர்ப்பைத் துணைக்கு வைத்துத்தான் அந்தச் சட்டத்தையும் தள்ளியது. இன்று நம் பிள்ளைகள் பங்குப் பள்ளிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவதில் ஒரு லூத்தரன் வாத்தியாரின் 25 டாலருக்கும் பங்கு உண்டு. இதில் நான் மறக்காத ஒரு விவரம்: ஆரிகன் சட்டம் 1922இல் மக்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றியது. கத்தோலிக்கப் பள்ளிகளை மூடுவதும் ஒரு நாள் ‘மக்கள் விருப்ப’மாக இருந்திருக்கிறது.

அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மடல்.

2015க்குப் போவோம். 49 பேர் கொண்ட நமது ஒற்றை அவைச் சட்டமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தது. சட்டமன்ற உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த மசோதா, அந்த முறை குடியரசுக் கட்சிக்காரர்கள் பலரும் கைகொடுத்ததால் தேறியது. மாநிலத்தின் மூன்று மறைமாவட்ட ஆயர்களும் ரத்தை ஆதரித்தார்கள். கத்தோலிக்கரான ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் மசோதாவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தினார். மே 27 அன்று அவை 30க்கு 19 என்று அவரை மீறியது. தேவைப்பட்டதும் சரியாக 30தான். அத்தோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தண்டனையைத் திரும்பக் கொண்டுவரக் கையெழுத்து திரட்டிய இயக்கத்துக்குத் தன் சொந்தப் பணத்தில் குறைந்தது இரண்டு லட்சம் டாலர் கொடுத்தார். 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 61 சதவீதம் பேர் தண்டனை வேண்டும் என்றார்கள்.

2018 ஆகஸ்ட் 2 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் ஒரு பத்தியைத் திருத்தினார். மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று, முன்பு இருந்த சந்து பொந்துகளை அடைத்து எழுதினார். திருத்தந்தையின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் மரண தண்டனை நெப்ராஸ்கா மக்களின் விருப்பம், மாநிலத்தின் சட்டம் என்று ஆளுநர் பதில் சொன்னார். நிறுத்துங்கள் என்று ஆயர்களும் கேட்டார்கள். திருத்தம் வந்த பன்னிரண்டாம் நாள், ஆகஸ்ட் 14 அன்று, தலைநகர் லிங்கனில் உள்ள சிறையில் கேரி டீன் மூர் என்ற கைதியின் கையில் நான்கு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். அதில் ஒன்று ஃபென்டனில். அமெரிக்காவில் மரண தண்டனைக்கு அது பயன்பட்டது அதுவே முதல் முறை. காலை 10:47க்கு அவர் இறந்ததாக அறிவித்தார்கள். 1997க்குப் பிறகு நெப்ராஸ்கா கொன்ற முதல் கைதி.

மூர் அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. 1979இல் ஒமாஹாவில் இரண்டு டாக்சி ஓட்டுநர்களைச் சுட்டுக் கொன்றவர். அவரே கடைசியில் மேல்முறையீடுகளை விட்டுவிட்டுச் சாகத் தயாரானார். அந்த இரண்டு குடும்பங்கள் 39 ஆண்டு காத்திருந்ததை லேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தத் தேதி என்னை விடவில்லை. ஆகஸ்ட் 14 புனித மாக்சிமிலியன் கோல்பேயின் நினைவு நாள். அவுஷ்விட்ஸ் முகாமில், வேறொரு கைதிக்குப் பதிலாகத் தானாக முன்வந்து பட்டினி அறைக்குள் போனவர். இரண்டு வாரம் கழித்தும் உயிர் போகாததால், 1941 ஆகஸ்ட் 14 அன்று கையில் விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். மாலைத் திருப்பலிக்குப் போயிருந்தேன். கோல்பே நீட்டிய கையைப் பற்றிச் சாமியார் பேசினார். லிங்கனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேவையும் இருக்கவில்லை, கோவிலில் யாரும் இருமக்கூட இல்லை. நாஜிகளையும் நெப்ராஸ்காவையும் ஒரே தட்டில் வைக்கிற ஆள் நான் இல்லை. கேட்பது ஒன்றுதான்: நாள் குறித்தபோது, நாட்காட்டியைத் திருப்பிப் பார்க்க ஒரு கத்தோலிக்கர்கூடவா உங்கள் அலுவலகங்களில் இல்லை?

சரி, மக்கள் விருப்பம்தான் உங்கள் அளவுகோல் என்றால் அதையாவது நேராகப் பிடியுங்கள். 2018 நவம்பரில், அதே மக்கள், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபரில். ஏறக்குறைய இரண்டு ஆண்டு! கொல்வதற்கு இருந்த அவசரம் மருந்துச் சீட்டுக்கு இருக்கவில்லை.

2024 நவம்பரில் வேலையாட்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு வேண்டும் என்று நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். இந்த மாநிலத்தில் நான்கில் மூன்று பேர் ஒத்துப்போவது கால்பந்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே அவை அதைத் திருத்தத் தொடங்கியது. 2025 தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பங்கு மண்டபத்தில் மீன் விருந்து. தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: தவக்காலத்து ஒமாஹாவில் வெள்ளி மாலை என்றால் பொரித்த மீன், கோல்ஸ்லா, பிளாஸ்டிக் கோப்பையில் பீர், வரிசையில் நிற்கும்போதே கிழித்துப் பார்க்கிற பிக்கிள் கார்டு லாட்டரி. தேர்தல் இல்லாத ஆண்டிலும் அரசியல்வாதிகள் தவறாமல் வருகிற இடம். உங்களில் ஒருவர் தட்டோடு எனக்கு முன்னால் நின்றார். பெயர் சொல்லப் போவதில்லை. காபி ஊற்றிக்கொண்டிருந்த வயதான அம்மையார் அவரை முதல் பெயரால் கூப்பிட்டு, “நாங்கள் ஓட்டுப் போட்ட அந்த விடுப்புச் சட்டத்தை ஏன் வெட்டுகிறீர்கள்?” என்று கேட்டார். அம்மையாரின் பேத்தி ஏழெட்டுப் பேர் வேலை செய்கிற கடையில் இருக்கிறாள். அந்த அரசியல்வாதி, சிறு முதலாளிகள் தாங்க மாட்டார்கள் என்று ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. “மீன் இந்த ஆண்டு நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஜூனில் ஆளுநர் ஜிம் பில்லன் அந்தத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். பத்து அல்லது அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள நிறுவனங்களுக்கு விலக்கு. பேத்தியின் கடையும் அதில் போயிற்று.

கருக்கலைப்பில் உங்கள் பேச்சு வேறு. அங்கே வாக்கு எண்ணிக்கை பார்த்து நீங்கள் பேசுவதில்லை. உயிர் புனிதமானது என்கிறீர்கள். 2024இல் மூன்று மாதத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஏறக்குறைய 55 சதவீதம் கிடைத்தது. ஒருவேளை அது தோற்றிருந்தால் ‘மக்கள் விருப்பம்’ என்று வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா? மாட்டீர்கள். அதற்காக உங்களை மதிப்பேன். பெரும்பான்மை எதிர்த்தாலும் நிற்கிற அந்த முதுகெலும்பு, லிங்கன் சிறைவாசலுக்கு வந்ததும் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டு மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் உயிரின் பக்கம் நிற்பவர் அல்ல என்று திருத்தந்தை லியோ 2025 செப்டம்பரில் பேசினார். புலம்பெயர்ந்தோரை மனிதத்தன்மையற்று நடத்துவதையும் அதே மூச்சில் சேர்த்தார்.

ஜனநாயகக் கட்சியில் இருக்கிற கத்தோலிக்கர்கள் இதைப் படித்துத் தலையாட்ட வேண்டாம். திருத்தந்தையின் வாக்கியத்தில் முன்பாதியும் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டும்போது பாதியை முழுங்குவது உங்கள் பழக்கம்.

ரோமாபுரிக்குக் கீழ்ப்படியுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கத்தோலிக்கரை நம்பலாமா என்று நாடே கேட்ட 1960 அதிபர் தேர்தலில், கத்தோலிக்கரான கென்னடிக்கு எதிராக நிக்சனுக்கு எல்லா மாநிலங்களையும்விட அதிக சதவீத வாக்குகளைக் கொடுத்தது நெப்ராஸ்கா. (மதம் மட்டும் காரணமில்லை, இது பெரும்பாலும் குடியரசுக் கட்சி மண்தான்.) இன்று ரிக்கெட்ஸ், அவருக்குப் பின் பில்லன் என்று அடுத்தடுத்துக் கத்தோலிக்க ஆளுநர்கள். அந்தப் பழைய சந்தேகத்துக்குத் தீனி போட எனக்கு ஆசையில்லை. ஆயரோடு உடன்படவில்லை என்றால், “நான் உடன்படவில்லை, காரணம் இது” என்று சொல்லுங்கள். மக்களின் முதுகுக்குப் பின்னால் ஒளியாதீர்கள்.

மனம் மாறுவது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் மாதம் 40 டாலர் உணவுக்காகத் தருகிற மத்திய அரசுத் திட்டம் வேண்டாம் என்று 2023 டிசம்பரில் பில்லன் மறுத்தார். நலத்திட்டங்களில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றார். 2024 பிப்ரவரியில், பிள்ளைகளிடம் பேசிய பிறகு, முடிவை மாற்றிக்கொண்டார். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். நான் அன்று இரவு அவருக்காக ஒரு ஜெபமாலை சொன்னேன். அதே மனிதர்தான் அடுத்த ஆண்டு ஆகஸ்டில், மெக்குக் ஊரின் சிறை முகாமைக் குடியேறிகளுக்கான தடுப்பு மையமாக்க ஒப்புக்கொண்டார். அதற்கு வைத்த பெயர் ‘கார்ன்ஹஸ்கர் கிளிங்க்’. கிளிங்க் என்றால் கொச்சையில் ஜெயில். நம் கால்பந்து அணியின் பெயரோடு ஒட்டி, டி-ஷர்ட்டில் அச்சடிக்கிற மாதிரி ஒரு சொல்விளையாட்டு. குடியேற்றச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நல்லவர்கள் மாறுபடலாம். ஆனால் மாட்டிறைச்சி ஆலைகளில் கத்தி பிடித்துக் காப்புக்காய்த்த கைகளோடு நம்முடன் நற்கருணை வாங்குகிறவர்களின் சொந்தக்காரர்களை அடைத்துவைக்கிற இடத்துக்கு வேடிக்கைப் பெயரா?

அந்தப் பெயரையாவது எடுத்துவிடுங்கள். அதற்கு வாக்கெடுப்பும் வேண்டாம், பட்ஜெட்டும் வேண்டாம். மரண தண்டனை பற்றி அடுத்த முறை உங்களிடம் கேட்டால் நீங்கள் நம்புவதைச் சொல்லுங்கள். மக்களைச் சாட்சிக்கு அழைப்பதானால் மெடிக்கெய்ட்டையும் விடுப்பையும் சேர்த்தே அழையுங்கள். தவக்காலத்தில் நானும் தட்டோடு வரிசையில் இருப்பேன். என்னிடம் பேச வேண்டியதில்லை. காபி ஊற்றுகிற அம்மையார் இன்னும் அதே மேசையில்தான் நிற்கிறார்.

இப்படிக்கு,
ஒமாஹாவில் உங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவன்