ஆண்டறிக்கை 2024–25: சும்மா விட்ட மணலின் கணக்கு

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் இதைக் குழுவில் படிக்கப் போகிறவர்களுக்கும் வணக்கம். நம் கரையையும் அங்கே முட்டை வைக்கிற ஆமையையும் பறவையையும் காக்க 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்தவை பற்றிய அறிக்கை இது. போன வருடம் இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டேன். இந்த முறை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மே 23 உலக ஆமை நாளுக்குப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தோம். ஆகஸ்ட் 15 கொடியேற்றினோம். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கரையைச் சுத்தம் செய்தோம், கிழிந்த நைலான் வலைதான் மூட்டை மூட்டையாக வந்தது. பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. செயற்குழு கூடியது, இரண்டு முறை ஆள் போதாமல் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "கரையில் தெற்குப் பக்கம் போய்ப் பார்த்தேன், வெறும் மணலாகக் கிடக்கிறது, இதற்கா சங்கப் பணத்தைச் செலவு செய்தீர்கள்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் பட்டது, ஏனென்றால் ஒரு மரம் நட்டால் காட்டலாம், ஒரு கொட்டகை போட்டால் காட்டலாம், மணலைச் சும்மா விட்டு வைத்ததை எப்படிக் காட்டுவது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வெறும் மணல்தான் இந்த வருடம் நாம் செய்த பெரிய வேலை.

பழைய கதை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை சவுக்கு வைத்தார்கள். பயத்தில் இருந்த நேரம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நம் கரையில் அலை ஏறும் எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். 2018 நவம்பர் 16 கஜா வந்தபோது அத்தனையும் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். கரையை ஒட்டி மறுபடியும் அதே சவுக்கை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது முன்வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நின்றவன் நான். சவுக்கே கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்ப்பக்கம் இருக்கட்டும், காற்றுக்குத் தடுப்பு வேண்டும்தான். கடல்பக்கம் மட்டும் மணலாக இருக்கட்டும் என்றேன்.

ஏன் என்றால், பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டை வைக்கிற இடம் அது. பேரில் பங்குனி இருந்தாலும் நம் பக்கம் தை பிறக்கும் முன்பே வரத் தொடங்கிவிடும். ராத்திரியில் கரையேறி, அலை தொடாத இடம் வரை ஊர்ந்து போய், பின்துடுப்பு இரண்டையும் அகப்பை மாதிரி மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். வாய் சின்னது, அடி அகலம், குடுவை மாதிரி இருக்கும். நூறு, நூற்றிருபது முட்டை. மூடிய பிறகு உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துத் தட்டி மணலை இறுக்கும், பக்கத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தால் தொப் தொப் என்று கேட்கும். இதைக் கேட்டவர்கள் சங்கத்தில் ஆறேழு பேர்தான் இருப்பீர்கள், கேட்டவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த இடத்தில் சவுக்கு வேர் பின்னிக் கிடந்தால் அது எப்படித் தோண்டும்? அரை அடியிலேயே வேர் தட்டும், விட்டுவிட்டுத் திரும்பிவிடும். போன வருடங்களில் அப்படித் திரும்பிப் போன தடங்களை நாமே பார்த்திருக்கிறோம். நிழலும் ஒரு விஷயம். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ந்தால் ஆண் குஞ்சு, முட்டைக்குள் அதைத் தீர்மானிப்பது மணலின் சூடுதான். ஒரே இடத்தில் நிழல் விழுந்துகொண்டே இருந்தால் அந்தக் கணக்கையும் நாம் மாற்றிவிடுகிறோம்.

அதனால் புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்பாக, மணலில் படர்கிற அடும்புக் கொடியும் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல்லும் நட்டோம். அலை எல்லையிலிருந்து ஒரு பட்டை முழுக்க வெறும் மணல், அதற்குப் பின்னால் அடும்பு, அதற்கும் பின்னால் இராவணன் மீசை, அப்புறம்தான் சவுக்கும் பனையும். அடும்புக்கொடியைக் கை நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகிற மாதிரி புதைத்தால் மழையில் வேர் பிடித்துவிடும். காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்குவது இந்தக் கொடிதான். மேடு இல்லாத கரையில் பெரிய அலை நேராக முட்டைக்குழி வரை ஏறிவிடும். பழைய நெய்தல் பாட்டு ஒன்றில்கூட சூல் நிறைந்த ஆமை அடும்புக் கொடியைச் சிதைத்துக்கொண்டு வந்து வெண்மணலில் முட்டையைப் புதைக்கிறது. இரண்டாயிரம் வருடமாக ஆமையும் அடும்பும் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கின்றன, நாம்தான் நடுவில் பிரித்துவிட்டோம்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் கடல் ஏறி முன்வரிசைக் கொடியில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விட்டது. இதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பனைமட்டையைக் குறுக்கே ஊன்றி வேலி மாதிரி கட்டிய இடத்தில் கொடி நின்றது, மட்டைக்குப் பின்னால் முழங்கால் உயரம் மணல் சேர்ந்திருக்கிறது. மட்டை வேலி வீண் செலவு என்று சொன்னவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாசியில் அங்கே அடும்பு ஊதாவாகப் பூத்துக் கிடந்தது.

பறவைக்கும் இதே மணல்தான். போன வருடம் ஏப்ரலில் தெற்குப் பக்கம் மோட்டார் சைக்கிள் போன தடத்துக்குள்ளேயே உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவை மூன்று முட்டை வைத்திருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. மணலில் உள்ளங்கை அளவு பள்ளம், ஓரத்தில் நாலைந்து கிளிஞ்சல் துண்டு, அவ்வளவுதான். முட்டை மணல் நிறம், மேலே மைத் தெளித்த மாதிரி புள்ளி. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் முட்டை தெரியவில்லை, அங்கேயேதான் இருந்தது. தாய்ப்பறவை பத்தடி தள்ளி ஒரு சிறகை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு என்னை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. நான் அங்கே நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டை வெயிலில் கிடந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. சித்திரை வெயிலில் அந்தப் பறவை முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட நிழல் கொடுக்கத்தான் உட்கார்ந்திருக்கும், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற இந்தச் சின்ன உப்புக்கொத்தியை 2023இல் தனி இனம் என்று பிரித்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கரையிலும் உப்பளத்திலும் ஓடித்திரிகிற குருவிக்கு இவ்வளவு பெரிய பெயர் வந்தது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மறுநாளே மூங்கில் ஊன்றிக் கயிறு கட்டி வண்டி வராமல் செய்தோம். இரண்டு முறை கயிற்றை அறுத்தார்கள், இரண்டு முறையும் திரும்பக் கட்டினோம். படம் எடுக்க வருகிற நம் உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கயிறு. கூட்டைக் கண்டால் தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஆலா என்கிற கடற்பறவையும் அதே மணலில்தான் முட்டை வைக்கும், அதற்கும் இதுவே பொருந்தும்.

இனி இரவு நடை, அதாவது முட்டை வைக்க வரும் ஆமையைத் தேடி ராத்திரியில் கரையோரம் நடப்பது. இதை எழுத எனக்கு மனம் கசக்கிறது. டிசம்பரில் பெயர் கொடுத்தவர்கள் 32 பேர். பிப்ரவரியில் இரவு ஒரு மணிக்குக் கரையில் நின்றவர்கள் பெரும்பாலும் நாலு பேர், சில நாள் இரண்டு பேர். சாயங்காலம் குழுவில் "இன்று யார் வருகிறீர்கள்" என்று போட்டால் கட்டைவிரல் மட்டும் வரிசையாக வரும், ஆள் வராது. எல்லாருக்கும் வேலை இருக்கிறது, எனக்கும் காலை ஆறு மணிக்கு வேலை இருந்தது. கடலுக்குப் போகிற தம்பிகள் இரண்டு பேர் பாடு முடித்து வந்த அலுப்போடு நடந்தார்கள், அதை நினைத்தால் மற்றவர்கள் சொன்ன காரணம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

இதில் ஒரு நடைமுறைக் கஷ்டமும் இருக்கிறது. இந்த வருடம் எத்தனை கூடு, போன வருடத்தைவிடக் கூடுதலா குறைவா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். நாம் நடந்த இரவுகளில் கண்டது பதிவேட்டில் இருக்கிறது, வனத்துறைக்கும் ஒரு படி கொடுத்தாயிற்று. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று இரவு ஆளே இல்லாமல் விட்டிருக்கிறோம். அந்த இரவுகளில் வந்த ஆமையை நாயும் நரியும்தான் எண்ணியிருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் சுருண்ட முட்டைத்தோல் சிதறிக் கிடக்கும். இப்படியிருக்க, ஓர் எண்ணை எடுத்துப் பெருமையாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரியில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமை செத்து ஒதுங்கியது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. நம் கரையிலும் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், விசைப்படகு இழுத்துப் போகிற இழுவலைக்குள் மணிக்கணக்கில் மாட்டினால் மூழ்கிச் செத்துவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள், ஆனால் ஆமை வருவது ஜனவரி முதல் மார்ச் வரை, தடை தொடங்கும்போது அதில் பெரும்பாலானது முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். ஆகவே அந்த மூன்று மாதம் 5 மைல் விதிதான் அதற்கு முக்கியமான பாதுகாப்பு. வலையில் ஆமை வெளியேற வழி வைத்தால் மீனும் போய்விடும் என்று விசைப்படகுக்காரர்கள் சொல்வதையும் உட்கார்ந்து கேட்டோம், அவர்கள் கடனையும் டீசல் விலையையும் தெரியாதவர்கள் இல்லை நாம். பேச்சு முடியவில்லை. நம் நாட்டுப்படகு அண்ணன்மார்கள் வலையில் மாட்டிய ஆமையை வலையை அறுத்து விட்டதற்கு இந்தச் சபையில் நன்றி சொல்ல வேண்டும். அறுத்த வலைக்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

பொரிப்பகத்தில், அதாவது ஆமை முட்டையைக் காத்துப் பொரிக்க வைக்கிற இடத்தில், வெளிவரும் குஞ்சைக் கடலில் விடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்ச்சில் ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று, ராத்திரி மூன்று மணிக்கு மணலிலிருந்து வெளியே வந்த குஞ்சுகளைக் காலை எட்டரை வரை தொட்டியில் வைத்திருந்தார்கள். நான் அன்று ஊரில் இல்லை. மணலைவிட்டு வெளியே வந்ததும் ஒரு வேகம் இருக்கும் அதற்கு, அந்த வேகத்தில்தான் அலையைத் தாண்டி நீந்திப் போகும். ஐந்தரை மணி நேரம் தொட்டியில் துடுப்படித்துக் களைத்துப்போன குஞ்சை வெயிலில் விட்டால் காகமும் பருந்தும் காத்திருக்கும். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அவர்கள் நாலு மணிக்கு எழுந்து வரட்டும். இனி நம் சங்கத்தின் பெயரில் அப்படி நடக்காது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன், ஆதரியுங்கள். கரையைப் பார்த்து வைத்திருக்கிற அந்தப் பெரிய விளக்கைப் பற்றி நான்கு மனு கொடுத்தும் பதில் இல்லை. குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும், விளக்கு எரிகிற இரவுகளில் அது ரோட்டுப் பக்கம் போகிறது. ஐந்தாவது மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூட. மூங்கில், கயிறு, பனைமட்டை, சிவப்பு டார்ச், டீ, இவைதான் பெரும்பகுதி. துண்டு விழுந்ததைச் சிலர் கைக்காசு போட்டு அடைத்தோம். சந்தா வருடத்துக்கு 200 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டவில்லை, இரண்டு வருட பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

வனத்துறைக் காவலர்களுக்கும், பொரிப்பகத்துக்கு ஓலை கொடுத்தவர்களுக்கும், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், இரவெல்லாம் டீ போட்டுக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருடம் நான் செயலாளராகத் தொடர்வேனா என்று கேட்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் சாவியையும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, இரவு நடைக்கு மட்டும் வருவேன். யாரும் வராவிட்டால் நானே பார்க்கிறேன், ஆனால் நாலு பேரை வைத்துக்கொண்டு இன்னொரு பருவம் நடத்த என்னால் முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி மூன்றாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடும்பு வெட்ட வேண்டும், கத்தியும் கோணிச்சாக்கும் கொண்டுவாருங்கள். இரவு நடை டிசம்பர் கடைசி வாரம் தொடங்கும். பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் இப்போதைக்குக் காலியாக இருக்கின்றன.