ஹெட்செட் மாட்டியும் ஸ்பீக்கரில் பாடுகிறதா? ஜாக்கை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போனைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். "தம்பி, இதை நம்பி பஸ் ஏற முடியறதில்லைங்க. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன், சட்டுனு நின்னுரும். சரின்னு மறுபடி தட்டினா பஸ்ஸுக்கே கேட்குது. ஜாக்கை மாத்திக் கொடுத்துருங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அதே குறையோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மூவரும் ஜாக், அதாவது போனில் ஹெட்செட் சொருகும் ஓட்டை, போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மூன்று போனில் ஒன்றில்கூட ஜாக் போகவில்லை.

அதனால்தான் இந்த மடல். ஜாக் மாற்றுவதில் எங்களுக்கு வருமானம் உண்டு, மறைப்பானேன். ஆனால் தேவையில்லாமல் திறந்த போன் அடுத்த மாதம் வேறு ஏதாவது வியாதியோடு எங்கள் மேசைக்கே திரும்பி வரும். அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஹெட்செட்டின் முனையை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன வளையங்களால் பிரித்த நான்கு உலோகத் துண்டுகள் தெரியும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது கிரவுண்டு (எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பும் வழி), பிளாஸ்டிக்கை ஒட்டி இருப்பது மைக். இந்த நான்கையும் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் நான்கு ஸ்பிரிங் தகடுகள். இவை போக இன்னொரு தகடும் உண்டு. பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி, முனை உள்ளே வந்துவிட்டதா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. பல போன்களில் அது ஓட்டையின் அடியில், நுனி போய் உட்காரும் இடத்தில் இருக்கும். நுனி பட்டதும் அந்த வழியில் வோல்டேஜ் மாறும். உடனே போன் "ஹெட்செட் வந்தாச்சு" என்று பாட்டைக் காதுப் பக்கம் திருப்பும்.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இப்படி இல்லை. அதில் முனையைச் சொருகினால் உள்ளே ஒரு தகடு தூக்கிக்கொண்டு, ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பையே துண்டித்துவிடும். மூளைக்கு வேலையே கிடையாது. போனில் அப்படியல்ல. வாட்ச்மேன் சொன்னால்தான் உள்ளே இருக்கும் சாப்ட்வேர் முடிவெடுக்கும். ஆக, வாட்ச்மேன் தூங்கினாலும் கோளாறு, ஆபீஸ் குழம்பினாலும் கோளாறு. எது என்று கண்டுபிடிக்கப் போனைத் திறக்க வேண்டியதே இல்லை.

ஹெட்செட்டை மாட்டிவிட்டுத் திரையின் மேல் விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் குட்டி ஹெட்போன் படம் ஒன்று வரும். ஒயரை லேசாக ஆட்டுங்கள். படம் வந்து வந்து போனால் குறை ஓட்டையிலோ முனையிலோ இருக்கிறது. படம் அசையாமல் நிற்கிறது, சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வருகிறது என்றால் அது செட்டிங் விவகாரம். படமே வராத போன்களும் உண்டு. அவற்றுக்கு வேறு ஒரு நல்ல ஹெட்செட்டை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. எப்படியும் அதைச் செய்து பாருங்கள். வீட்டில் இன்னொருவருடையதை ஒரு நிமிடம் வாங்கி மாட்டினால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அந்த அக்கா சொன்னாரே, பாட்டு தானாக நின்றுவிடுகிறது என்று. அதுவும் கோளாறு இல்லை. முனை கழன்றது என்று தெரிந்ததும், இனிமேல் சத்தம் வெளியே கேட்கும் என்று ஆண்ட்ராய்டு எல்லா ஆப்புக்கும் தகவல் சொல்லும். ஒழுங்கான பாட்டு ஆப் அதைக் கேட்டு நிறுத்திக்கொள்ளும். கேம் பல அதைக் காதில் போட்டுக்கொள்ளாது, அதுபாட்டுக்கு ஸ்பீக்கரில் அலறும்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன்: பஞ்சு. நிட்டிங், கட்டிங், ஓவர்லாக் என்று எங்கே நின்றாலும் பாக்கெட்டுக்குள் பஞ்சுத் தூசி சேரும். போன் அதே பாக்கெட்டில்தான் எட்டு மணி நேரம் கிடக்கிறது. ஓட்டைக்குள் விழுந்த பஞ்சை ஹெட்செட் முனை ஒவ்வொரு தடவையும் அடிக்குத் தள்ளித் தள்ளி இடிக்கும். ஆறு மாதத்தில் அது ஒரு கெட்டியான வில்லையாகிவிடும். முனை முக்கால்வாசிதான் உள்ளே போகும், வாட்ச்மேனைத் தொடாது. நாங்கள் எடுக்கும் வில்லையின் நிறத்தை வைத்தே அந்த மாதம் உங்கள் யூனிட்டில் என்ன கலர் துணி ஓடியது என்று சொல்லிவிடலாம். செக்கிங் அக்கா போனில் இருந்து வந்தது நல்ல மெரூன்.

பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். முனையின் உலோகப் பகுதி ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் நீளம். அது முழுதாக உள்ளே போக வேண்டும். மாட்டிய பிறகு போனுக்கும் ஹெட்செட்டின் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் கோடு மாதிரி உலோகம் மினுங்கினால், உள்ளே ஏதோ தடுக்கிறது. இன்னொரு போனின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். அடியில் மங்கலாக, துணி மாதிரி தெரிந்தால் அதுதான்.

வீட்டிலேயே எடுக்க நினைப்பவர்கள் போனை அணைத்துவிட்டு, ஓட்டையைத் தரைப்பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டு, மரப் பல்குச்சியால் ஓரமாகச் சுரண்டி வெளியே இழுங்கள். நேராக அமுக்கினால் வில்லை இன்னும் இறுகும், குச்சி நுனியும் உள்ளே ஒடியும். ஒடிந்த குச்சியை எடுப்பது பஞ்சை எடுப்பதைவிடப் பெரிய வேலை. மூன்று முயற்சியில் வராவிட்டால் விட்டுவிட்டுக் கடைக்கு வாருங்கள். ஊக்கு, குண்டூசி, சிம் எடுக்கும் ஊசி எதுவும் வேண்டாம். ஸ்பிரிங் தகடு ஒன்று வளைந்தால் அப்போதுதான் ஜாக் நிஜமாகவே போகும்.

கம்பெனியில் மெஷினுக்குத் தூசி அடிக்கும் ஏர் கன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஒரே அடிதாங்க, சுத்தமாயிரும்" என்று அதைப் போனில் பிடிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். ஜாக்குக்குப் பக்கத்திலேயே மைக் ஓட்டை இருக்கும் போன்கள் அதிகம். மைக்கின் உள்ளே இருப்பது கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய ஜவ்வு, அந்த அழுத்தத்தைத் தாங்காது. பாட்டுச் சரியாகி, பேசினால் எதிராளிக்குக் கேட்காத போன்கள் இப்படித்தான் எங்களிடம் வருகின்றன. வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில்தான் உள்ளே போகும்.

பஞ்சுக்கு அடுத்த இடம் பவுச்சுக்கு. இதில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பியின் போனுக்குப் புது ஜாக் போட்டுக் கொடுத்தோம். கடையில் நன்றாகப் பாடியது. அன்று ராத்திரியே திரும்பி வந்தார், மறுபடி ஸ்பீக்கருக்குத் தாவுகிறது என்று. கழற்றினோம், மாட்டினோம், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், வேலை முடித்துக் கொடுக்கும்போது பவுச் இல்லாமல் சோதித்திருக்கிறோம், அவர் வீட்டுக்குப் போய்த் தடியான பவுச்சை மாட்டியிருக்கிறார். அவருடைய ஹெட்செட்டின் பிளாஸ்டிக் கழுத்து அகலம். பவுச் ஓட்டையில் இடித்து, முனை ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றுவிட்டது. பழைய ஜாக்கில் குறையே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பவுச் ஓட்டையைப் பிளேடால் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பினோம். அன்றிலிருந்து எந்த ஜாக் குறைக்கும் முதல் வேலை பவுச்சைக் கழற்றுவதுதான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள், காசு செலவில்லை.

முனை அரைகுறையாக நிற்பதற்கு இன்னொரு வேடிக்கையான அடையாளமும் உண்டு. பாட்டில் தபேலாவும் வயலினும் ஜோராகக் கேட்கும், பாடகர் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பாடுவார், அல்லது காணாமலே போய்விடுவார். கிரவுண்டு சரியாகத் தொடாதபோது இரண்டு காதுக்கும் பொதுவாக வரும் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாடகர் குரலைப் பெரும்பாலும் நடுவில்தான் வைத்துப் பதிவு செய்வார்கள், அதனால் முதலில் அடிபடுவது அவர்தான். மைக்குக்கும் கிரவுண்டுக்கும் இடம் மாறியிருக்கும் பழைய வகை ஹெட்செட்டை இப்போதைய போனில் மாட்டினாலும் இதே கதை. காசில்லாமல் கரோக்கி.

ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் அது பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில் ஒயர் அறுந்ததாக இருக்கும். அதற்குப் போனைக் குறை சொல்ல வேண்டாம்.

வியர்வையும் மழையும் வேறு விதமாக வேலை காட்டும். ஓட்டைக்குள் உப்பு ஈரம் இறங்கினால், எதுவும் மாட்டாமலே ஹெட்போன் படம் நிற்கும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அல்லது பாட்டு தானாக நின்று ஓடும், கூப்பிடாமலே கூகுள் அசிஸ்டென்ட் எட்டிப் பார்க்கும். ஹெட்செட் பட்டனை அமுக்கும்போது மைக்கும் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. அதே வேலையை ஈரம் செய்தால் பட்டன் அமுங்கியதாகவே போன் நினைக்கும். சத்தம் கூட்டும் பட்டனுக்கும் குறைக்கும் பட்டனுக்கும் உள்ள வித்தியாசமும் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடைதான்: ஆண்ட்ராய்டு கணக்கில் கூட்ட 240 ஓம், குறைக்க 470 ஓம். ஈரத்தின் மின்தடை அந்த அளவை ஒட்டி வந்தால் போன் ஏமாந்துவிடும். தானாகச் சத்தம் ஏறி இறங்கும் போன்களின் ரகசியம் இதுதான். அணைத்து, ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்து, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி விடுங்கள். அரிசி டப்பாவில் புதைத்தால் தவிட்டுத் தூசி கூடுதலாக ஏறும். சானிடைசர், தின்னர் இரண்டும் ஆகாது. நாங்கள் ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கிறோம், அது பிசுக்கு வைக்காமல் காய்ந்துவிடும்.

சரி, படம் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் ஸ்பீக்கரில் வருகிறது என்றால்? ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்புறம், ஸ்பீக்கருக்கு மாற்றிக் கொடுக்கும் ஆப் எதையாவது முன்பு போட்டு மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜாக் கெட்டபோது அவசரத்துக்குப் போட்ட ஆப், ஜாக் சரியான பிறகும் பழைய உத்தரவையே நிறைவேற்றிக்கொண்டிருக்கும். நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடில் சரியாக வேலை செய்தால் ஏதோ ஓர் ஆப்தான் காரணம். புளூடூத் ஆனில் இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். ரிங்டோனும் அலாரமும் ஹெட்செட் மாட்டியிருந்தாலும் ஸ்பீக்கரிலும் சேர்ந்தே அடிக்கும். அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, அதற்காக யாரும் அலைய வேண்டாம்.

2016-இல் ஐபோன் 7 வந்தபோது ஆப்பிள் இந்த ஓட்டையை எடுத்தது. பிறகு விலை கூடிய போன்களில் பெரும்பாலானவற்றில் இது போய்விட்டது. அப்படிப்பட்ட போனின் சார்ஜ் ஓட்டையில் ஹெட்செட்டை மாட்ட டைப்-சி கன்வெர்ட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கன்வெர்ட்டரில் இரண்டு ஜாதி: உள்ளே சிப் வைத்தது, வெறும் ஒயர் மட்டும் உள்ளது. விலை குறைந்த வெறும் ஒயர் வகை வேலை செய்ய, போனே பாட்டை டைப்-சி வழியாக நேரடியாக அனுப்பும் வசதி உள்ளதாக இருக்க வேண்டும். நிறையப் போன்களில் அது இல்லை. மாட்டினாலும் பாட்டு ஸ்பீக்கரிலேயே இருக்கும். கடைக்குப் போனைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்து வாங்குங்கள். சில போன்களில் ஓடிஜியை (சார்ஜ் ஓட்டையில் வேறு கருவிகளை மாட்டும் வசதி) செட்டிங்கில் ஆன் செய்தால்தான் கன்வெர்ட்டரைக் கண்டுகொள்ளும். ஆப் செய்பவர்களுக்கான டெவலப்பர் ஆப்ஷன் என்ற செட்டிங்கைத் தெரியாமல் திறந்து, யூஎஸ்பி ஆடியோவை நிறுத்தும் பட்டனைத் தட்டி வைத்தவர்களும் வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் ஜாக் தேய்ந்திருக்கலாம், தகடு வளைந்திருக்கலாம். பல போன்களில் ஜாக் அடியில் உள்ள சப் போர்டிலோ தனி ஸ்ட்ரிப்பிலோ இருக்கும், அதைக் கழற்றி மாற்றுவது சுலபம். மெயின் போர்டிலேயே பற்றவைத்திருந்தால் சூடு வைத்து எடுக்க வேண்டும். ஆபத்தும் கூலியும் கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வாரண்டி இன்னும் முடியாத போனை எங்களிடம் திறக்கக் கொடுக்காதீர்கள், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். தண்ணீர் புகாது என்று சொல்லி விற்ற போனைத் திறந்தால் பழைய அடைப்பு அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று எங்களால் உத்தரவாதம் தர முடியாது.

இந்த மாதத்தில் இருந்து பஞ்சு எடுப்பதற்கும் பவுச் ஓட்டை செதுக்குவதற்கும் காசு வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எடுத்த வில்லையை உங்கள் கையில் கொடுப்போம். ஜாக் மாற்றினால் பழைய ஜாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பளம் போட்ட மறுநாள் கூட்டம் அதிகம், முடிந்தால் வார நாளில் ஷிப்ட் முடிந்து வாருங்கள். வரும்போது போனை மட்டும் கொண்டுவராமல், குறை காட்டும் அதே ஹெட்செட்டையும், வழக்கமாக மாட்டும் பவுச்சையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செல்போன் சர்வீஸ் கடைக்காரன்,
திருப்பூர்