பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிற்சங்கங்கள் தேவையா என்று உங்கள் இதழில் நடக்கும் விவாதத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆதரித்து எழுதியவர்களும் சரி, எதிர்த்தவர்களும் சரி, சங்க அங்கீகாரம், அதாவது பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாகச் சங்கத்தை நிர்வாகம் ஏற்பது, என்ற விஷயத்தைத் தொடவே இல்லை. அடிபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தருகிறது. அந்தச் சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் வெகுகாலம் நாடு முழுமைக்குமான சட்டத்தில் இல்லை. 1961-ல் வங்கி ஊழியர்கள் வழக்கிலும், சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, கூட்டுப் பேரம் (சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு பேரம் பேசுவது) அதற்குள் அடங்காது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதன் விளைவு என்ன? நான் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். சங்கத்தைப் பதிவு செய்து, கோரிக்கைப் பட்டியலைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். வாங்க மறுத்து உறையைத் திருப்பி விட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அதிகாரியின் அறைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாருக்கு வீட்டுக் கடன், யார் மகளுக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மேசையில், அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தின் 18(1) பிரிவுப்படியான ஒப்பந்தம் தயாராக இருக்கும். அரசின் சமரச அதிகாரி முன்னிலையில், அதே சட்டத்தின் 12(3) பிரிவுப்படி போடும் ஒப்பந்தம் ஆலையில் உள்ள எல்லாருக்கும் பொருந்தும். 18(1) ஒப்பந்தமோ கையெழுத்துப் போட்டவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ஒரே மாதத்தில் எங்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டு விட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. தனியாக உட்கார வைத்தால் யாரால்தான் பேரம் பேச முடியும்?

இது புதிய கதையும் அல்ல. 1918-ல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். சில ஆண்டுகளிலேயே, சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களை வேலை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்று பின்னி ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து சங்கத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி விடாமல் வலியுறுத்தினார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பாதுகாப்பு கிடைத்தது, அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1947-ல் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கித் திருத்தம் நிறைவேற்றினார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. மகாராஷ்டிரம் மட்டும் 1971-ல் அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் போட்டுக்கொண்டது.

2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி 37 நாள் நின்றார்களே, அதில் முதன்மையான கோரிக்கை சங்க அங்கீகாரம்தான். சங்கத்தைப் பதிவு செய்யவே நீதிமன்றப் படி ஏறி, 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டி வந்தது. முதல் சங்கம் தொடங்கி நூறாண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலைமை.

சங்கங்கள்மேல் உங்கள் வாசகர்கள் சொல்லும் குறைகளில் உண்மை இருக்கிறது. ஒரே வாசலில் நாலைந்து கொடிகள் பறந்தால் நிர்வாகத்துக்குத்தான் கொண்டாட்டம். தேர்தலே நடத்தாத சங்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். யாருக்குப் பெரும்பான்மை என்று ரகசிய வாக்கெடுப்பில் தெரிந்துகொண்டு அவர்களோடு பேசுவது இரு தரப்புக்கும் நல்லது.

2020-ம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் இந்தக் கருத்து ஓரளவு வந்திருக்கிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு பெற்றது ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு. இதை வரவேற்கிறேன். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு, சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தத்துக்குத் தடை என்று அதே தொகுப்பு கையைக் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. அந்த 51 சதவீதம், நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் இருப்பது ஒப்பந்ததாரரின் பதிவேட்டில். ஒரே இயந்திரத்தில், ஒரே ஷிப்டில், பக்கத்தில் நின்று வேலை செய்பவர் கணக்கிலேயே வரமாட்டார். அவருக்காக எந்தச் சங்கம், யாரோடு பேசும்? தொழிலாளர் சட்டம் அறிந்த ஒருவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், உங்கள் நெடுநாள் வாசகர்