ஒன்பதாம் மாத ஊசி

தங்கச்சிமடம்

அன்பு மகள் ஜெனிக்கு,

பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், நிமோனியா ஊசி இரண்டு தடவை போட்டாயிற்று, ஒன்பதாம் மாதமும் கட்டாயமா என்று போனில் கேட்டாய். கட்டாயம்தான், தாயி.

உனக்கு ஒரு சின்ன மாமா இருந்தான். எட்டு மாதத்தில் சளிக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழும், மூக்கு விடைக்கும். பாலுக்கு வாய் வைப்பான், மூச்சு முட்டி விட்டுவிடுவான். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-இல்தான் திறந்தார்கள். இது அதற்கு முன்பு. ராமநாதபுரம் போக ரயில்தான். விடியட்டும் என்று காத்திருந்தோம், அதற்குள் போய்விட்டான். ஊரில் மாந்தம் என்றார்கள். அங்கன்வாடிப் பயிற்சியில் நிமோனியாவின் அறிகுறிகளைச் சொன்னபோதுதான் அது என்னவென்று எனக்குப் புரிந்தது.

நிமோனியாவுக்குப் பல கிருமிகள் காரணம். அதில் பெரிய கொலைகாரன் நிமோகாக்கஸ். நீ கேட்ட ஊசி இதற்குத்தான். நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போய்விடும். அமெரிக்காவில் 2000-இல் இந்த ஊசியைத் தொடங்கினார்கள். அதற்கு முன், ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சுமார் 95 பேருக்கு அப்படி ரத்தம்வரை பரவியது. இருபது வருடத்துக்குள் அது பத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஊசியே போடாத வயதானவர்களுக்கும் நோய் குறைந்தது. ஏனென்றால் இந்தக் கிருமி அதிகமாகக் குடியிருப்பது சின்னப் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும்தான். உன் மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, பேரன் அவர் மடியில்தான் கிடக்கிறான். இதை அவரிடமும் சொல்.

எல்லா நிமோனியாவையும் இது தடுக்காது. கிருமியில் நூறு வகைக்குப் பக்கம் உண்டு, ஊசிக்குள் இருப்பது நோயை அதிகம் உண்டாக்குகிற சில வகைகள். அமெரிக்காவிலும் ஊசியில் இல்லாத ஒரு வகை தலைதூக்கி, 2010-இல் கூடுதல் வகைகளோடு புது ஊசி கொண்டுவந்தார்கள். அதற்காக ஊசி வீண் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

ஆறாவது வாரமும் பதினாலாவது வாரமும் போட்டது அடித்தளம். ஒன்பதாம் மாதம் போடுவது அந்த எதிர்ப்பை நிலைக்க வைக்கிற ஊசி. தனியாரில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். 2021-லிருந்து நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். திருப்பூரிலும் அட்டையைக் காட்டினால் போடுவார்கள். தட்டம்மை ஊசியும் அன்றைக்கே. தொடை கொஞ்சம் வீங்கும், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம். உன் மாமியார் பயப்படுவது அதற்குத்தான், பக்குவமாக எடுத்துச் சொல்.

அப்புறம், சளி பிடித்தால் தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணு. ஒரு வயது வரைக்கும் 50, அதற்கு மேல் 40. அந்த அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ கஷாயம், மருந்துக்கடை என்று நிற்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடு.

புதன்கிழமை ஊசி போட்டுவிட்டு எனக்கு போன் பண்ணு.

அம்மா