தியோர்போ அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இன்று டிசம்பர் 15. ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில் உங்களிடமிருந்து ஒரே ஒரு வரி வரும். "இண்டைக்கு எங்கட கான்டீனாவுக்குத் திவசம், தம்பி." ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆன்லைன் விளையாட்டை 2011-ல் இழுத்து மூடிய நாள். கான்டீனா அதிலிருந்த மதுக்கூடம். நான் அந்த விளையாட்டின் பக்கமே போனதில்லை. ஆனாலும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி ஏதாவது பதில் போடுவேன். ஆறு வருடமாக அந்த வரி வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரியாதவன் போல ஆறு வருடமாக நானும் இருந்துவிட்டேன்.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன் விளையாட்டுக்குள் வாசிக்கிற நம் குழுவின் தலைமையைப் போன வாரம் விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கண் வலி, பிள்ளையின் ஸ்கூல் வேன், விடியற்காலையில் எழுந்திருக்க முடியாத உடம்பு. ஒப்படைப்பதற்காகப் பாட்டுக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது உங்கள் தாலாட்டு கண்ணில் பட்டது. அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

தனியாக எழுதியிருக்கலாமே என்பீர்கள். தப்பு நாலு பேர் முன்னால் நடந்தது, அதனால் நாலு பேர் முன்னாலேயே எழுதுகிறேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், உங்கள் பழைய மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் எப்போதாவது இந்த வலைப்பூவை எட்டிப் பார்ப்பதாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். நம் ஆட்களும் படிப்பார்கள், கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டாவது படிப்பார்கள். அதனால் சில இடங்களில் அடக்கி வாசிக்கிறேன்.

2018 மே. உங்களுக்கு வியாழன் இரவு எட்டு மணி, எனக்கு வெள்ளி விடியற்காலை ஐந்தரை. விளையாட்டுக்குள் பிரீ ஊர், பிரான்சிங் போனி சத்திரத்து வாசல். நம் ஆறு பேரும் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு ஹாபிட், அந்தக் கதையின் குட்டை மனிதர்களில் ஒருவன், நின்றுகொண்டிருந்தான். பத்தாவது லெவல்கூட இருக்காது. கையில் லூட் என்ற தந்தி வாத்தியம். தானாக வாசிக்கிற பாட்டுக் கோப்பு எதுவும் போடவில்லை, விசைப்பலகையில் எண்களைத் தட்டித் தட்டிக் கையாலேயே வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு சுரம், ஒரு இடைவெளி, தப்பாக ஒரு சுரம், மறுபடி முதலிலிருந்து. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டார்கள்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைனில் ஒருவர் வாசிப்பது பக்கத்தில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும், இரண்டு கூட்டம் அருகருகே வாசித்தால் சந்தைக்கடைதான். அதனால் முதலில் வந்தவர் முடிக்கட்டும் என்று நிற்க வேண்டும், இல்லையென்றால் காது எட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். இதை விளையாட்டு யாரையும் கட்டாயப்படுத்தாது. வாசிப்பவர்களாகப் பார்த்து வைத்துக்கொண்டது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். விளையாட்டில் நீங்கள் மின்ஸ்ட்ரல், அதாவது பாணர்; என் குள்ளனுக்கு பேக்பைப் என்ற தோல்பைக் குழலைக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள். கொடுத்துவிட்டு வருந்தியதும் நீங்கள்தான், "உந்த ஆட்டுத் தோலைக் கொஞ்சம் மெல்லமாப் பிடியும் தம்பி" என்று எத்தனை தடவை. வெதர்டாப் மலையில் 2009 முதல் வருடா வருடம் நடக்கிற வெதர்ஸ்டாக் இசை விழாவுக்கு முதல் தடவை கூட்டிப்போனபோது, குதிரையிலிருந்து இறங்கச் சொன்னீர்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று. நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த வாணத்தைக் கொளுத்த விடவில்லை. அடுத்த குழு ஏறும்வரை யாரும் ஒரு சுரம்கூட ஊதிப் பார்க்கக் கூடாது என்றீர்கள். கோயில் கச்சேரிக்குப் போகும் பிள்ளைக்கு அம்மா சொல்வது போல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

சரி, அந்த விடியற்காலை.

எட்டு மணிக்கு என்று அறிவித்திருந்தோம். இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு எனக்கு கம்பெனி பஸ். முந்தின வாரம் கரண்ட் போய் நிகழ்ச்சி பாதியில் நின்றிருந்தது, அந்த அவமானம் வேறு. அவன் நிறுத்துவதாக இல்லை. பத்து நிமிடம் நின்றோம், இல்லையா? பத்து நிமிடம் நின்றோம் என்பதை யாரும் சொல்வதில்லை. ஊர் முழுக்க இடம் இருந்தது, ஷயரில் எத்தனை மதுக்கடை வாசல் இருந்தது, அந்த ஒரு படிதான் அவனுக்கும் வேண்டியிருந்தது. குழு அரட்டையில் ஒருவர் ஒன்று சொன்னார், வேறு இரண்டு பேர் சிரித்தார்கள். யார், என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் இப்போதும் என் நண்பர்கள். தவிர, எண்டரைத் தட்டியது அவர்கள் அல்ல.

எல்லாரும் ஒன்றாகத் தொடங்குவதற்கான பிளேஸ்டார்ட் கட்டளையை அடித்தேன். ஐந்து பாகம் ஒன்றாக எழுந்தது. என் பேக்பைப் எல்லாவற்றுக்கும் மேலே. உங்கள் தியோர்போ, அந்தப் பெரிய லூட், மட்டும் இல்லை. அடியில் ஆதாரம் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. நீங்கள் உங்கள் பாகத்தை ஏற்றவே இல்லை.

அவன் இரண்டு சுரம் இன்னும் வாசித்துப் பார்த்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, விரல் அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு லூட்டை முதுகில் போட்டுக்கொண்டான். திட்டவில்லை, கத்தவில்லை. எங்களைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். கூட்டம் எங்களுக்குக் கை தட்டியது. உங்கள் ஹாபிட் குதிரைகூட எடுக்காமல் அவன் பின்னாலேயே நடந்து போனாள். மூன்றாவது பாட்டில் இருந்தபோது நீங்கள் குழுவிலிருந்து விலகிவிட்டதாக ஒரு வரி வந்தது.

அன்றைக்கே எழுதினேன். "அக்கா, பயங்கர லேக். நீங்கள் எழுதினதை நான் பார்க்கவே இல்லை. மன்னிச்சுக்கோங்க." நீங்கள் "சரி தம்பி" என்றீர்கள்.

பார்த்தேன் அக்கா. "தம்பி, அந்தப் பொடியன் வாசிச்சு முடிக்கட்டும்." தமிழிலேயே அடித்திருந்தீர்கள், மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று, அவர்கள் முன்னால் என்னைக் குறைத்துவிடக் கூடாது என்று. அது வந்து, நான் படித்து, பக்கத்தில் இருந்த காப்பியில் ஒரு வாய் குடித்து, அதற்குப் பிறகுதான் எண்டரைத் தட்டினேன். கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்க சர்வருக்கு எத்தனையோ நாள் நெட் சதி செய்திருக்கிறது. அன்று செய்யவில்லை. அன்று அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் மட்டும் என்ன? அந்த ஸ்டார் வார்ஸ் விளையாட்டின் கோரனெட் நகரத்து கான்டீனா கதைகளை உங்களிடம் எத்தனை இரவு கேட்டிருக்கிறேன். சண்டை போட்டு நொந்து வருகிறவர்களுக்கு ஆட்டக்காரி முன்னாலோ வாத்தியக்காரர் முன்னாலோ வந்து உட்கார்ந்தால்தான் களைப்பும் மனக் காயமும் ஆறும், டாக்டரால் அதை ஆற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்வீர்கள். காசு கேட்கக் கூடாது, கொடுத்தால் தலை குனிய வேண்டும். ஸ்லிதர்ஹார்ன் என்ற ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு நேற்று வந்த பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி வாசிக்க விட வேண்டும். எல்லாம் சரி. அதே வாயால்தானே தானாக ஆடவைக்கிற மேக்ரோவைப் போட்டுவிட்டு பிட்டு அவிக்கப் போன கதையையும் சொன்னீர்கள்? உங்கள் ட்வைலெக் இனத்துப் பெண் ராத்திரி முழுக்கத் தனியாக ஆடினாள். வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், நன்றி சொன்னார்கள், காசும் போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஆளே இல்லை. கான்டீனா முழுக்க அப்படி ஆள் இல்லாத ஆட்டக்காரர்கள் நிறைந்து கடைசியில் பேச்சே இல்லாமல் போனது என்று நீங்கள் வருத்தப்பட்டபோது, அதில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். என்னுடைய ஒரு எண்டருக்கு மட்டும் ஆறு வருடமா?

அதுவும் ஒரு "சரி"யோடு. உங்களைப் பேச வைக்க முடியாது என்று தெரியும். ஆனால் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அப்புறம் காலில் விழுந்திருப்பேன், ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். நீங்கள் அந்த வழியையே அடைத்துவிட்டீர்கள்.

இல்லை. அந்த மே மாதம் உங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று வெகு நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். வியாழக்கிழமைதோறும் அந்த நிலைமையிலிருந்து எழுந்து வந்து எங்களுக்காக தியோர்போ பிடித்தீர்கள் என்பது அன்று தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா? நடந்திருப்பேன் என்றுதான் எழுத ஆசை. காப்பி குடித்த அந்த ஒரு வாய் ஞாபகம் வருகிறது, எழுத முடியவில்லை.

தாலாட்டுக்கு வருகிறேன். இதுதான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

அம்மா பாடின ஆராரோவை எழுத நீங்கள் மூன்று மாதம் மல்லாடினீர்கள். நீலாம்பரி. கமகம் இல்லாவிட்டால் அந்த ராகம் பாதி செத்துவிடும், நம் விளையாட்டின் லூட்டிலோ சுரத்தை அசைக்க வழியே இல்லை. மூன்று ஸ்தாயி, முப்பத்தேழு சுரம், ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி அதன் இடத்தில் நிற்கும். நீங்கள் நோட்பேடில் உட்கார்ந்து, ஏபிசி என்ற சுர எழுத்து முறையில், நீளமாக நிற்க வேண்டிய சுரத்துக்கு முன்னால் பக்கத்துச் சுரங்களைக் கண் இமைக்கும் நேரத்துக்குத் தொட்டுப் போகிற மாதிரி பொடிப் பொடியாக எழுதினீர்கள். தனியாகக் கேட்டால் பிசிறு. எல்லாம் சேர்ந்து ஓடும்போது, கண்ணை மூடிக் கேட்டால், எங்கேயோ ஒரு கிழவி தொட்டில் ஆட்டுவது போல இருக்கும். எட்டாவது வரியில் ஒரு சுரம் எனக்குத் தப்பாகப் பட்டது. சண்டை போட்டோம். "அம்மா அப்படித்தான் பாடினவ" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

நீங்கள் போன பிறகு நான் அந்தச் சுரத்தை மாற்றினேன். பிசிறுகளையும் சிலதை எடுத்தேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. அதுகூடப் பரவாயில்லை. கோப்பின் தலையில், இசட் என்ற எழுத்தில் தொடங்கும் வரியில், எழுதியவர் பெயர் இருக்குமே, அங்கே உங்கள் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் குழுவின் பெயரைப் போட்டேன். விலகினவர்கள் பெயர் எதற்கு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் கோப்புகளில் அந்த வரியை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஆட்களை நாம் இரண்டு பேரும் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறோம்! "களவெடுத்தவன் கூட இப்பிடிச் செய்யமாட்டான்" என்பது உங்கள் வசனம். ஒரு விழாவில் அதை வாசித்தோம். நிறையப் பேர் யார் எழுதியது என்று கேட்டார்கள். எல்லாரும் சேர்ந்து செய்தது என்றேன். இது நம் ஆட்கள் யாருக்கும் தெரியாது, கோப்பு அப்படித்தான் வந்தது என்று நினைத்திருந்தார்கள். இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பொடியன் யார், பின்னால் நடந்து போய் அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. சொல்ல வேண்டாம். அவனுக்கும் நான் ஒரு மன்னிப்பு கடன், அவன் பெயரைக்கூட அன்று நான் படிக்கவில்லை.

நேற்று உங்கள் பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். ஒரு பென் டிரைவில் இருந்தது. எட்டாவது வரியை நீங்கள் எழுதின மாதிரியே திருப்பி வைத்துவிட்டேன், எடுத்த பிசிறுகளையும். இப்போதும் அந்தச் சுரம் என் காதுக்குத் தப்பாகத்தான் படுகிறது, அதை மறைக்கவில்லை. இசட் வரியில் உங்கள் பெயர் இருக்கிறது, நீங்கள் எழுதுகிற அதே எழுத்துக்கூட்டில். புதுத் தலைவரிடம் அந்தக் கோப்பைத்தான் கொடுத்திருக்கிறேன். ஐந்து பாகத்துக்கு ஆள் இருக்கிறது. தியோர்போவுக்கு யாரையும் போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போது அதிகாரம் இல்லை, ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். யோசிக்கிறேன் என்றார்.

தம்பி