உன் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர்

திருவொற்றியூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. "மூன்றரை மணிக்கே இருட்டிவிடுது அப்பா, இந்த ஊரில் ஒன்றுமே இல்லை" என்றாய். பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அலமாரி மேல்தட்டில் ஒரு சிடி இருக்குமே, துறைமுகத்தில் வேலை பார்த்த என் நண்பர் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிக் கொடுத்தது? அந்த கார்டிகன்ஸ் பாட்டுக் குழு, நீ படிக்கப் போயிருக்கும் ஸ்வீடன் ஊரான உன் யோன்ஷோப்பிங்கில்தான் 1992 அக்டோபரில் தொடங்கியது. கார்டிகன் என்றால் பட்டன் வைத்த ஸ்வெட்டர் என்று நான் சொன்னதும், "அப்போ இவங்க ஸ்வெட்டர் விக்கிறவங்களா?" என்று கேட்டாய். உனக்கு அப்போது ஐந்து வயது. அங்கே உனக்கு இடம் கிடைத்த அன்று, படிப்பு, கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்னால் எனக்கு இந்த சிடிதான் ஞாபகம் வந்தது.

பீட்டர் ஸ்வென்சன் கிட்டார், மேக்னஸ் ஸ்வேனிங்சன் பேஸ் கிட்டார். இரண்டு பேருமே அதற்கு முன் காது கிழிகிற ஹெவி மெட்டல் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். பெங்ட் லாகர்பெர்க் டிரம்ஸுக்கு வந்தார், லார்ஸ்-ஓலோஃப் யோஹான்சன் கீபோர்டுக்கு. பாட வந்த நீனா பெர்ஷனுக்குப் பதினெட்டு வயது. சின்ன வீடு ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு தங்கி, வீட்டிலேயே பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது தோரே யோஹான்சன் என்ற தயாரிப்பாளர் காதில் விழ, மால்மோவில் இருக்கும் தன் டாம்பரின் ஸ்டுடியோவுக்கு அவர் கூப்பிட்டார். 1994 பிப்ரவரியில் முதல் ஆல்பம் 'எம்மர்டேல்' வந்தது. இங்கிலாந்து டிவி சீரியல் ஒன்றின் பெயர் அது. பன்னிரண்டு பாட்டு.

உலகம் அவர்களைத் தெரிந்துகொண்டது 1996இல் வந்த 'லவ்ஃபூல்' பாட்டால். அது ஹாலிவுட் ரோமியோ ஜூலியட் படத்திலும் வந்து, எல்லா டிவியிலும் ஓடியது. நல்ல பாட்டுதான். ஆனால் என் மனசு முதல் ஆல்பத்தில்தான்.

பத்தாவது பாட்டை மட்டும் தனியாகக் கேள். 'சப்பாத் ப்ளடி சப்பாத்', பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழு 1973இல் போட்டது. மூலத்தில் கிட்டார் இரும்பை இழுத்துக்கொண்டு வருவது போல வரும், ஓஸி ஆஸ்போர்ன் உச்சக்குரலில் கத்துவார். இந்தப் பிள்ளைகள் அதே மெட்டை எடுத்து, மத்தியானத் தூக்கத்தில் இருக்கும் வீட்டில் யாரையும் எழுப்பிவிடாமல் பாடுவது போல ஆக்கிவிட்டார்கள். ஒரு இடத்திலும் நீனா குரலை உயர்த்துவதில்லை. முதல் தடவை கேட்டபோது இதுதான் அந்தப் பாட்டு என்று எனக்குப் பிடிபடவே நேரமானது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. தாங்கள் கேட்டு வளர்ந்த பாட்டைத் தங்கள் குரலுக்கு ஏற்ற மாதிரி மடித்துத் தைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மெட்டெல்லாம் வெயில் அடித்த மாதிரி இருக்கும், வார்த்தைகளில் சோர்வும் மேகமும். முதல் பாட்டின் பெயரே அலுத்துப்போச்சு என்கிற மாதிரிதான். அக்டோபரில் கூடினார்கள் என்றால், குழுவாக அவர்களுக்கு வாய்த்த முதல் குளிர்காலம் இப்போது உன் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற இதே இருட்டுதானே? அதே வெட்டர்ன் ஏரி, அதே காற்று. ஒன்றுமே இல்லாத ஊர் என்று அவர்களும் ஒரு நாளாவது சொல்லியிருப்பார்கள். நேற்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

அப்புறம் இன்னொன்று. அங்கே தீப்பெட்டி மியூசியம் இருக்கிறது, பழைய தீப்பெட்டி ஆலையிலேயே. கட்டாயம் போய்ப் பார். உன் தாத்தா முப்பது வருஷம் சைக்கிள் மிதித்துப் போய் வந்த விம்கோ தீப்பெட்டி ஆலை, ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி இங்கே வந்து தொடங்கியது. அந்தக் கம்பெனிக்கு வேர் உன் யோன்ஷோப்பிங்கில்தான். நம் மெட்ரோ ஸ்டேஷனுக்கு விம்கோ நகர் என்று பெயர் வந்த கதை அங்கிருந்து ஆரம்பிக்கிறது. தாத்தா இருந்திருந்தால் நீ அனுப்பும் போட்டோவை வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டியிருப்பார்.

இன்று சாயங்காலம் ஆல்பத்தைப் போடு. ஹெட்போன் வேண்டாம், அறையில் சத்தம் குறைவாக வைத்துக் கேள். ஐந்தாவது பாட்டில் பியானோவும் நீனாவும் மட்டும்தான். சின்ன வயதில் இருமல் வந்து தூங்காமல் நீ அழுத ராத்திரிகளில் அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுவேன். ஞாபகம் வருகிறதா என்று எழுது. வராவிட்டாலும் எழுது.

மனசு தாங்காத நாளில் எந்த நேரமானாலும் கூப்பிடு. அம்மா தூங்கினாலும் நான் எடுப்பேன்.

அந்த மெரூன் ஸ்வெட்டரின் இரண்டாவது பட்டன் நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் பக்கவாட்டுப் பையில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறேன். தைத்துவிட்டாயா?

அன்புடன்,
அப்பா