எஞ்சின் வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் நம்மவர் வாழும் கிராமங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிய திட்டங்கள் ஊருக்குள் எடுபடாததற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று எழுதியிருந்தார்கள். தட்டோன் பக்கத்தில் நெல்லும் கொஞ்சம் ரப்பரும் வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் ஊருக்கு வெளிச்சம் இரண்டு தடவை வந்தது. முதலில் வெளியூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று சூரிய விளக்கு கொடுத்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் சொன்ன பெயர்களையே எழுதிக்கொண்டு போனார்கள். வந்தவர்களோ கோயில் கமிட்டிக்காரர்களும் அவர்களுடைய மாமன் மச்சான்களும்தான். கீழத்தெருவில் ஒரு வீட்டுக்கும் விளக்கு கிடைக்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் பாட்டரிகள் செத்தன. யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்து வந்தது உமியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டும் எஞ்சின். பர்மிய அரிசி மில்களில் இது பழகின சங்கதி. என் தங்கையைக் கொடுத்த ஊரில் அது ஓடுவதைத் திருவிழாவுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். அந்த மில்லில் வேலை செய்த எங்கள் ஊர்ப் பையனே பழைய லாரி எஞ்சின் ஒன்றைப் பிடித்து வந்து பூட்டினான். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை ஓடும். ஒரு குழல் விளக்குக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கு. நின்றுபோனால் அவன் வீட்டுத் திண்ணைக்குப் போனால் போதும்.

பணம் சீட்டில் சேர்ந்தது. கடன் சங்கம் தொடங்கலாம் என்றுதான் முதலில் பேசினோம். பக்கத்துத் தெருப் பர்மியப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "மறுபடியும் செட்டியா?" என்றார். கோபப்பட முடியுமா? கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல், வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, 1937இல் அது 25 சதவீதமாகிவிட்டது. அந்தக் கதை பர்மியர் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. சீட்டில் எல்லாரும் ஒரே தொகை போடுகிறோம், அதனால் அவரும் சேர்ந்தார். தவிர, பணத்தைச் சேர்த்து வைக்க இங்கே யாருக்கும் மனம் வராது. 1964 மே மாதம் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1987இல் 25, 35, 75 நோட்டுகள், அதற்கு மாற்றுப் பணம்கூட இல்லை. என் அப்பா அந்த நோட்டுக் கட்டைப் பெட்டிக்கடியில் பல வருஷம் வைத்திருந்தார். சீட்டுப் பணம் ஓரிடத்தில் தங்குவதில்லை. அதுதான் எங்களுக்குத் தைரியம்.

எஞ்சினும் குறையில்லாமல் வந்துவிடவில்லை. வாயுவைக் கழுவிய தண்ணீர் தார் மாதிரி கறுப்பாக, வாடை அடித்துக்கொண்டு குளத்தில் இறங்கியது. ஆண்கள் நாங்கள் மில்லிலும் டீக்கடையிலும் உட்கார்ந்து விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். துணி துவைக்கப் போகிற நம் வீட்டுப் பெண்களும் பர்மிய, கரேன் இனத்து வீட்டுப் பெண்களும்தான் படித்துறையில் பேசி, நேரே எஞ்சின் கொட்டகைக்கு வந்து நின்றார்கள். அப்புறம்தான் குழி வெட்டி, மணலும் கரியும் போட்டு வடிகட்ட ஆரம்பித்தோம். இப்போதும் முழுசாகச் சுத்தமில்லை என்று என் மனைவி சொல்கிறாள். கீழத்தெரு விதவைப் பாட்டி வீட்டுக்குக் கம்பி இழுக்க வைத்ததும் அவர்கள்தான். கமிட்டியில் அந்தத் தெருவைப் பற்றி வாய் திறக்க ஆளே இல்லை.

கட்டுரையாளர் இந்தப் பக்கம் வருவதானால் அறுப்பு முடிந்து தை மாதத்தில் வரட்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் நான்கூட நன்றாகத்தான் பேசுவேன். காலையில் ஏழு மணிக்குக் குளத்தங்கரைக்குப் போகச் சொல்லுங்கள்.

தங்கள் வாசகன்,
தட்டோன், மோன் மாநிலம்